புகை மட்டும் தெரிந்த ஏரி

எடிசன், நியூ ஜெர்சி
14 நவம்பர் 1993

அத்தானுக்கு,

ஸ்தோத்திரம் சொல்லித்தான் தொடங்கணும், அதனால சொல்றேன். கோபமா சொல்றேன்னு தெரிஞ்சுக்கிடுங்க.

ஃபோன் அடிச்சு அடிச்சுப் பாத்திருப்பீங்க. நான்தான் எடுக்கல. எடுத்தா நான் கத்துவேன், நீங்க எல்லாத்துக்கும் ஒரு 'ம்' போட்டுட்டு, "சரி, வெச்சிரட்டா?"ன்னு கேப்பீங்க. இந்த விஷயத்துக்கு 'ம்' பத்தாது. இனிமே எழுத்துதான். உங்க பிளசன்டன்ல ஒத்தைக்கு உக்காந்து நிதானமா வாசிங்க.

நேத்து ரெண்டாம் சனிக்கிழமை, நம்ம வீட்டு முறை. நீங்க புராஜெக்ட்னு கிளம்பிப் போனதுல இருந்து காட்டேஜ் ப்ரேயரை நான் தனியாத்தான் நடத்துறேன். ஹால்ல கால் வைக்க இடமில்ல. பாட்டு, சாட்சி, ஜெபம் எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. எல்லாரும் கேசரித் தட்டைக் கையில வாங்கினப்போ, பொன்னுதாஸ் அங்கிள் மட்டும் சுவர்ல ஓடிட்டிருந்த நம்ம ஏரி லைட்டையே பாத்துட்டு நின்னாங்க. அழகுல சொக்கிட்டாங்க போலன்னு நான் நினைச்சேன். பவளம் ஆன்ட்டிதான் வர்றப்பல்லாம் "பரலோகத்துல தண்ணி இப்படித்தான் ஓடும் லீலா"ன்னு சொல்வாங்கல்லா. புருஷனுக்கும் அந்த நினைப்பு வந்துட்டுன்னு பாத்தா, அங்கிள் கேசரியை மென்னுகிட்டே திரும்பி, "ஏ பிள்ளே, இது பைன் ஹார்பர் பீர் போர்டுல்லா!" அப்படின்னாங்க.

ஹால்ல இருந்த அத்தனை பேரும் திரும்பிப் பாத்தாங்க அத்தான். நான், "இல்ல அங்கிள், இது சீனரி. கராஜ் சேல்ல வாங்கினது"ன்னேன். அவங்களுக்கோ உற்சாகம் தாங்கல. ஸ்டூடண்டா ஜெர்சி சிட்டில இருந்தப்போ ஒரு பார்ல கிளாஸ் கழுவினாங்களாம். கவுண்டருக்கு மேல இதே பெட்டிதானாம். இதே மலை, இதே அருவி, இதே படகு, உள்ளே ட்யூப் லைட்டு, படச்சுருளைச் சுத்துற இதே மோட்டார் சத்தம். நாப்பது வருஷத்துக்கு முந்தி எல்லா பார்லயும் இந்த மாதிரி ஒண்ணு ஓடுமாம். நான் நம்பலன்னதும் பெட்டியோட பக்கத்தைத் தடவிக் காட்டினாங்க. தகரத்துல ஒரு முத்திரை குத்தியிருக்குமே, சுத்திப் பல்லுப் பல்லா? சூரியன்னு நினைச்சு ரெண்டு வருஷமா பக்தியா துடைச்சேனே? பாட்டில் மூடியாம்!

அங்கிள் பார்ல வேலை பாத்தது ஆன்ட்டிக்கே அப்பத்தான் தெரியும். அந்த வீட்டுச் சண்டை தனியா நடக்குது, அதை விடுங்க. கிளம்புறதுக்கு முந்தி ஆன்ட்டி கண்ணை மூடி, "இந்த வீட்ல அறியாமல் இருக்கிற பிள்ளைகளுக்காக"ன்னு ஒரு ஜெபம் பண்ணினாங்க. அந்த 'அறியாமல்'ல நான் செத்துட்டேன்.

இப்ப நீங்க சொல்லுங்க. உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? மெட்டச்சன் கராஜ் சேல்ல இருந்து காருக்குள்ள வெச்சுக் கொண்டுவந்தீங்க. ரெண்டு நாளா கராஜ் கதவைச் சாத்திக்கிட்டு என்னமோ சுரண்டுனீங்க. அப்புறம் அந்த வருஷத்து வாக்குத்தத்த வசனத்தை நீளப் பலகையில ஒட்டி, கண்ணாடியோட அடியில ஒரு முனையில இருந்து மறு முனை வரைக்கும் பசை போட்டு இறுக்கினீங்க. "எவ்வளவு அம்சமா இருக்கு"ன்னு நான் சொன்னேனே! பீர் பேரு மேல தேவ வசனத்தை ஒட்டியிருக்கீங்க, அப்படித்தானே?

அந்த வருஷம் நான் ஹால்லயே படுத்து அந்த லைட்டைப் பாத்துத்தான் தூங்கினேன். மாத்திரைக்கு வராத தூக்கம் அந்தத் தண்ணியைப் பாத்தா வந்துது. ஊருக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். என் துக்கத்தையெல்லாம் ஒரு பீர் விளம்பரத்துக்கிட்டயா கொண்டுபோய்க் கொட்டினேன்? எனக்கு அழுகையா வருது.

பதில் எழுதுங்க. 'ம்'னு மட்டும் எழுதி அனுப்பிராதீங்க.

லீலா


பிளசன்டன், கலிஃபோர்னியா
22 நவம்பர் 1993

அன்புள்ள லீலாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. ஆபீஸ் பார்க்கிங்கில் காருக்குள்ளேயே உட்கார்ந்து படித்தேன். மதிய இடைவேளை முடிந்து எல்லோரும் உள்ளே போன பிறகும் அங்கேயே இருந்தேன்.

தெரியும். அது பீர் விளம்பரம் என்று எனக்கு வாங்கும்போதே தெரியும். விற்ற அம்மாள் தன் கணவர் வைத்திருந்த மதுக்கடையில் தொங்கியது என்று சொன்னாள். கண்ணாடியின் அடிப்பக்கம் முழுவதும் தங்க நிறத்தில் ஒரு பட்டை, அதில் சிவப்பாக அந்தப் பெயர். வேலை செய்கிறதா பார் என்று வாசலிலேயே ஒயரை மாட்டிக் காட்டினாள். நல்ல வெயில். அந்த வெயிலிலும் தண்ணீர் மங்கலாக ஓடியது. நீ அப்போது வாரக்கணக்காகச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தாய். சுவரைத்தான் பார்ப்பாள் என்றால் அந்தச் சுவரில் ஏதாவது அசையட்டுமே என்று நினைத்தேன். அவ்வளவுதான் என் யோசனை. பெயரைச் சுரண்டி எடுத்துவிட்டால் மீதி ஏரிதானே என்று நினைத்தேன்.

பொன்னுதாஸ் அங்கிளுக்கு ஆன்ட்டி சாப்பாடு போடுகிறார்களா? எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு உன் முகத்தை நினைத்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. உன்னைப் பத்துப் பேர் முன்னால் தலைகுனிய வைத்துவிட்டேன். அதற்கு என்ன சொன்னாலும் போதாது.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். விளக்கு உறுத்தினால் பேஸ்மென்ட்டில் இறக்கி வைத்துவிடு. பலகையைக் கழற்ற வேண்டாம். கண்ணாடி பழையது, கையைக் கிழித்துவிடும்.

இன்னொரு செய்தி. என்னை இங்கேயே பெர்மனன்ட்டாக எடுத்துக்கொள்ளத் தயார் என்கிறார்கள். கிரீன் கார்டையும் அவர்களே பார்த்துக்கொள்வார்களாம். மார்ச்சுக்குள் பதில் சொல்ல வேண்டும். மலைகள் இப்போது காய்ந்த புல் நிறத்தில் இருக்கின்றன, மழை பெய்ததும் பச்சையாகிவிடும் என்கிறார்கள். உன் வேலைக்கு ஏற்ற லேப் உள்ள ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு அபார்ட்மென்ட் பார்த்து வைத்திருக்கிறேன். அதன் ஜன்னலிலிருந்து பார்த்தால் ஒரே ஒரு மரம், அதற்குப் பிறகு மலை, வேறு எதுவும் இல்லை.

வந்துவிடேன், லீலா.

கிருபைராஜ்


எடிசன்
12 டிசம்பர் 1993

அத்தானுக்கு,

நீங்க எழுதறது சர்ச்ல வாசிக்கிற அறிக்கை மாதிரி இருக்கு. "கேட்டுக்கொள்கிறேன்", "என்கிறார்கள்". கடைசி ஒரு வரி மட்டும் நீங்க எழுதினது. அதை மட்டும் திரும்பத் திரும்ப வாசிச்சேன்.

லைட்டை இறக்கியாச்சு. பழைய கம்ஃபர்ட்டரைப் போத்தி, ட்ரையர் பக்கத்துல வெச்சிருக்கேன். நேத்துக் கூட்டத்துக்கு வந்தவங்க எல்லாருக்கும் கண்ணு முதல்ல சுவருக்குத்தான் போச்சு. அது இருந்த இடத்துல பெயிண்ட் வெளிறாம நீளமா ஒரு கட்டம். பவளம் ஆன்ட்டி, "ஒரு குடும்பப் படத்தை மாட்டு லீலா"ன்னாங்க. எந்தக் குடும்பத்தை மாட்டட்டும்?

உண்மையச் சொல்றேன், சிரிக்கக் கூடாது. நாலரை மணிக்கே இருட்டிருதா, லேப்ல இருந்து வந்ததும் துணி துவைக்கிற சாக்குல கீழ போயிடறேன். கம்ஃபர்ட்டரை எடுத்துட்டு ஒயரை மாட்டறேன். ட்ரையர்ல துணி சுத்துது, பெட்டிக்குள்ள ஏரி சுத்துது, நான் துணிக்கூடையைக் கவுத்து அது மேல உக்காந்திருக்கேன். மலை வருது, அருவி வருது, தண்ணி விரிஞ்சுட்டே போகுது. அப்புறம் கரையில மூக்கை வெச்ச அந்தக் காலிப் படகு. அப்புறம் புகை. துணி காஞ்சு எவ்வளவு நேரமாச்சுன்னே தெரியறதில்ல. ஒரு பீர் போர்டு முன்னாடி ஞானஸ்நானம் எடுத்தவ உக்காந்திருக்கேன்னு வெக்கமா இருக்கு. வெக்கத்தோடயே உக்காந்திருக்கேன்.

ரெண்டு மூணு தடவை கனவுலயும் வந்துட்டுது. முழங்கால் தண்ணியில நடக்கிறேன். சில்லுன்னு இல்ல, வெதுவெதுன்னு இருக்கு. புகையைப் பாத்துத்தான் போறேன். யாரோ அங்க என்னமோ சமைக்கிறாங்க, வாசனை வருது. இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம்னு போனா, வசனப் பலகை குறுக்க வந்துருது. தலையைக் குனிஞ்சு அதுக்கு அடியில பாக்கப் பாக்க முழிப்பு வந்துருது.

நம்ம ஆட்டம் ஞாபகம் இருக்கா? "புகை யாரோடது?" பலகைக்கு மேல புகை மட்டும் எழும்பும், யாருன்னு தெரியாது. நீங்க ஒவ்வொரு நாளும் ஒரு ஆளைக் கொண்டுவருவீங்க. கரடி மீன் பொரிக்குதும்பீங்க. பாட்டு டீம்கிட்ட இருந்து தப்பிச்ச பாஸ்டர்ம்பீங்க. டாக்ஸ் ஆபீஸர் ரெண்டு பேரு ஒளிஞ்சிருக்காங்கம்பீங்க. அந்த வருஷம் நான் சிரிச்சதே அந்த ஒரு விஷயத்துக்குத்தான். என் முறை வந்தா நான் எப்பவும் ஒண்ணுதான் சொல்வேன், ஒரு குடும்பம், கூட ஒரு சின்னப் பிள்ளைன்னு. உடனே உங்க முகம் மாறிடும். "அங்கெல்லாம் பிள்ளையைக் கூட்டிட்டு வரமாட்டாங்க"ன்னு எழும்பிப் போய் லைட்டை அணைச்சிருவீங்க. ஒரு தடவை இல்ல, எல்லாத் தடவையும். விளையாட்டுக்குக்கூட எனக்கு ஒரு பிள்ளையைத் தரமாட்டீங்களான்னு நான் இருட்டுல படுத்து நினைப்பேன். உங்ககிட்ட கேட்டதில்ல. இப்ப கேக்கிறேன்.

ஆன்லின். பாருங்க, எழுதிட்டேன், கை ஒண்ணும் ஒடிஞ்சிரல. நம்ம பிள்ளை பேரு ஆன்லின். ஏழு மாசத்துல வந்தா, விடியறதுக்குள்ள போயிட்டா. அந்தப் பேரை ஆஸ்பத்திரியில கேட்டப்போ ஒரு தடவை சொன்னீங்க. இந்த ரெண்டரை வருஷத்துல இன்னொரு தடவை உங்க வாயில வந்து நான் கேட்டதில்ல. கல்லறைக்கும் அடக்கத்தன்னைக்கு வந்ததோட சரி. மாசாமாசம் நான்தான் ஒத்தைக்கு டிரைவ் பண்ணிப் போறேன். பனி விழுந்தா அந்தச் சின்னக் கல்லு மூடிப் போயிருது. நான் கையால தள்ளிட்டு வர்றேன்.

பிளசன்டன்ல மலை இருக்கு, மரம் இருக்கு, லேப் இருக்கு, ஆன்லின் இல்ல. நான் வரல அத்தான். அவளை விட்டுட்டு, அவ பேரைக்கூடச் சொல்லாத மனுஷனோட அந்த ஜன்னல்ல நின்னு என்னத்தைப் பாக்க?

நீங்க அவளைப் பத்தி ஒரு வரி எழுதுங்க, நான் யோசிக்கிறேன். இல்லன்னா நீங்க அங்கேயே பெர்மனன்ட் ஆயிருங்க, நான் இங்கேயே பெர்மனன்ட்.

லீலா


பிளசன்டன்
16 ஜனவரி 1994

அன்புள்ள லீலாவுக்கு,

கிறிஸ்துமஸுக்கு வராதது வேலையால் அல்ல. உன் கடிதத்துக்குப் பதில் எழுதாமல் உன் முன்னால் வந்து நிற்க எனக்குத் தைரியம் இல்லை. எத்தனையோ தாள்களைக் கிழித்துப்போட்டேன்.

நேற்று இங்கே ஃபேர்கிரவுண்டில் பழைய சாமான் கண்காட்சி. மழை. ஒதுங்கத்தான் உள்ளே போனேன். பெரிய ஷெட், மேலே விளக்கு சரியாக இல்லை. கடைசி மூலை மட்டும் மெல்ல மினுங்கிக்கொண்டிருந்தது. கிட்டப் போனால் எல்லாம் பீர் விளம்பரங்கள். ஓடும் அருவிகள், சுழலும் நட்சத்திரங்கள், மூங்கில் தூண்டிலில் இழுபடும் மீன். அத்தனை மோட்டார்களின் சத்தமும் சேர்ந்து தூரத்தில் மழை பெய்வது மாதிரி இருந்தது, வெளியே உண்மையான மழையும் பெய்துகொண்டிருந்தது.

மேஜை முழுவதும் பழைய பத்திரிகைகளில் கிழித்தெடுத்த பக்கங்கள். நாற்பதுகளில், ஐம்பதுகளில் வந்தவையாம், எல்லாம் கையால் வரைந்த படங்கள். ஏப்ரன் கட்டிய ஒரு பெண் தட்டில் கண்ணாடி டம்ளர்களை ஏந்திக்கொண்டு வருகிறாள். புல் வெட்டி முடித்த கணவன் நெற்றியைத் துடைத்துக்கொண்டு பார்க்கிறான். பனிக்கால ஜன்னல், உள்ளே வான்கோழி, சுற்றிலும் உறவினர்கள், எல்லோருக்கும் முகம் சிவந்து சந்தோஷம். ஒன்றைக் கவனித்தேன். ஒருவர்கூடக் குடிக்கவில்லை. எல்லா டம்ளரும் நிறைந்து நுரையோடு இருக்கிறது. எல்லோரும் இதோ குடிக்கப் போகிறார்கள். அந்த வீடுகளில் இன்னும் எதுவும் நடக்கவில்லை, நல்லதும் கெட்டதும். அதற்கு ஒரு நிமிடம் முன்னாலேயே எல்லோரும் நின்றுவிட்டார்கள். எனக்கு அங்கேயே இருந்துவிடலாம் போல் தோன்றியது.

கடைக்கார அம்மாளுக்கு வயது எழுபதுக்கு மேல் இருக்கும், பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சி. "இத்தனை குடும்பப் படத்தில் ஒரு குழந்தைகூட இல்லை, பார்த்தாயா?" என்று கேட்டாள். பீர் விளம்பரத்தில் குழந்தையைக் காட்டக் கூடாது என்று கம்பெனிகள் தங்களுக்குள் ஒரு விதி வைத்துக்கொண்டிருந்தனவாம். தவறி எங்காவது படத்தில் இருந்தால் மறைத்துவிடுவார்களாம்.

அவளுக்குப் பின்னால் நம் விளக்கு இருந்தது, லீலா. அதே ஏரி. அடியில் தங்கப் பட்டை, அதில் பைன் ஹார்பர் என்ற பெயர், அதற்கு மேலே நம் புகை. நான் அந்தப் பட்டையையே பார்த்துக்கொண்டு நின்றேன். உடம்பு சரியில்லையா என்று அந்த அம்மாள் நாற்காலி எடுத்துப் போட்டாள். மழை நின்றும் நான் எழவில்லை.

அறைக்கு வந்து நீ கேட்ட அந்த ஒரு வரியை எழுத உட்கார்ந்தேன். வரவில்லை. என்னால் சொல்ல முடியாதது என்று ஒன்று இருக்கிறது, அதற்கு மேல் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. இப்படிப்பட்டவனோடு நீ ஏன் வர வேண்டும் என்று நீ கேட்பது நியாயம்தான். நான் வற்புறுத்தவில்லை.

விளக்கை எறிந்துவிட வேண்டுமென்றால் எறிந்துவிடு. பலகையோடு எறி.

கிருபைராஜ்


எடிசன்
13 பிப்ரவரி 1994

என் அத்தானுக்கு,

அட முட்டாள் அத்தான்! இதுக்கு மேல எப்படி ஆரம்பிக்கிறதுன்னு தெரியல. எழுத்து கோணினா பொறுத்துக்கிடுங்க.

உங்க கடிதம் வந்தன்னைக்கு மனசு விட்டுப் போச்சு. பீர்க்காரிகிட்ட அவ்வளவு நேரம் பேசிட்டு வந்து நாலு பக்கம் எழுதத் தெரியுது, பெத்த பிள்ளை பேரை எழுத வராதான்னு இருந்துது. சரி, இந்த மனுஷன் முடிஞ்சு போச்சுன்னு நினைச்சேன். லைட்டையும் குப்பையில போட்டுருவோம்னு முடிவு பண்ணி, படி படியா இழுத்து மேல கொண்டுவந்துட்டேன். இடுப்பு போயிட்டுது.

அப்பத்தான் இந்தப் பனி. நீங்க டிவில பாத்திருப்பீங்க. கதவைத் திறந்தா வெள்ளைச் சுவரு. குப்பை வண்டி வரல, லேப்புக்குப் போக வழியில்ல, நேத்து ரெண்டாம் சனிக்கிழமைக் கூட்டமும் கேன்சல். ஹால் முழுக்க அந்தப் பனி வெளிச்சம். அதுல நானும் இந்தப் பெட்டியும் எதிரும் புதிருமா உக்காந்திருந்தோம். எறியப் போறோம், என் குடும்பத்தைக் கெடுத்த அந்தப் பேரு மூஞ்சியை ஒரு தடவை பாத்துட்டு எறிவோம்னு தோணிச்சு. வெண்ணெய் தடவற கத்தியை எடுத்துப் பலகை இடுக்குல விட்டேன். ஒட்டியிருக்கீங்க பாருங்க, ஆண்டவரே! நெம்பி நெம்பிக் கடைசியில டப்புன்னு வந்துது. கண்ணாடி ஒண்ணும் கையைக் கிழிக்கல. பொய்யி.

பேரு இல்ல. ஓரத்துல தங்கக் கலர் துணுக்கு ரெண்டு, பிளேடு கீறின கோடு, அவ்வளவுதான். பேரைத்தான் நீங்க அப்பவே சுரண்டி எடுத்துட்டீங்களே! பின்ன எதுக்கு இந்தப் பலகைன்னு எனக்கு ஒண்ணும் புரியல. ஒயரை மாட்டினேன்.

மலை வந்துது. அருவி வந்துது. ஏரி இப்ப ரொம்பப் பெருசா இருந்துது, எங்கால் வரைக்கும் தண்ணி வந்த மாதிரி. படகு வந்துது. புகை வந்துது. புகைக்குக் கீழ, அத்தான், நெருப்பு இருந்துது. நெருப்புக்கு இந்தப் பக்கம் பேன்ட்டை முழங்கால் வரைக்கும் மடிச்சு விட்ட ஒரு ஆளு. தலையில ஸ்கார்ஃப் கட்டின ஒரு பொம்பளை. ரெண்டு பேருக்கும் நடுவுல, ஆளுக்கொரு கையைப் பிடிச்சுக்கிட்டு, சிவப்புக் கவுனு போட்ட ஒரு சின்னப் பிள்ளை. ஒரு காலுல ஷூ இருக்கு, இன்னொரு காலைத் தண்ணியில வெச்சுப் பாக்குது.

நான் அப்படியே தரையில உக்காந்துட்டேன். அவ மெல்ல நகர்ந்து அந்தப் பக்கம் போயிட்டா. வெறும் கரை, மலை, அருவி, தண்ணி. மறுபடி படகு, மறுபடி புகை, மறுபடி அவ வர்றா.

இப்பத்தான் எல்லாம் விளங்குது. மறைச்சது முதல்ல அந்த பீர் கம்பெனிக்காரன். பேரு போட்ட தங்கப் பட்டையால பிள்ளையை மூடிட்டான். நீங்க எனக்கு ஒரு ஏரி செஞ்சு தரணும்னு அந்தப் பேரைச் சுரண்டுனீங்க. ஒவ்வொரு எழுத்தா எடுக்க எடுக்க உள்ள இருந்து அவங்க வந்திருக்காங்க. கராஜ்ல, ஒத்தைக்கு, கையில பிளேடோட. நம்ம பிள்ளையை மண்ணுக்குக் குடுத்துட்டு வந்து அப்ப எத்தனை நாளாச்சு? நான் கட்டில்ல கிடந்து அழுதேன், எல்லாரும் வந்து என் தலையைத் தடவினாங்க. நீங்க கதவைச் சாத்திக்கிட்டு என்ன பாடு பட்டீங்களோ! யாருமே வந்து கேக்கல. நானும் கேக்கல.

'லீலா பாத்துரக் கூடாது, தாங்கமாட்டா'ன்னு பலகையை வெச்சு அடைச்சீங்க. அது விளம்பரம்னு அம்பலமானப்போ, பீரை மறைச்ச கெட்ட பேரை வாங்கிக்கிட்டீங்களே தவிர, இதை மட்டும் சொல்லல. "பிள்ளையைக் கூட்டிட்டு வரமாட்டாங்க"ன்னு ஏன் ஒவ்வொரு தடவையும் லைட்டை அணைச்சீங்கன்னு இப்பத் தெரியுது. நான் சரியாச் சொல்லிச் சொல்லி உங்களைக் குத்தியிருக்கேன்.

ஆனா ஒண்ணு சொல்றேன் அத்தான். நீங்க தப்பா நினைச்சுட்டீங்க. எனக்கு வலிக்குது, இல்லங்கல. ஆனாலும் பாக்கணும் போல இருக்கு. நேத்து பூரா பாத்தேன். போறப்போ நெஞ்சு அடைக்குது, வர்றப்போ சரியாயிருது. மூடி வெச்சிருந்தப்போதான் என்னால தாங்க முடியல.

இன்னும் ஒண்ணு கேளுங்க. சாயங்காலம் பவளம் ஆன்ட்டி முழங்கால் பனியில நடந்து ரசம் கொண்டுவந்தாங்க, நான் தனியா இருக்கேன்னு. ஹால்ல பீர் போர்டு ஜெகஜ்ஜோதியா எரியுது! மறைக்கக்கூட எனக்குத் தோணல. ஆன்ட்டி தூக்குச் சட்டியைக் கையில வெச்சபடியே பாத்தாங்க. பிள்ளை வந்துது. "இது யாரு லீலா?"ன்னாங்க. "எங்க ஆன்லின்"னேன். அப்படியே வாயில வந்துட்டுது. ஆன்ட்டி கோட்டைக்கூடக் கழட்டாம எம் பக்கத்துல தரையில உக்காந்துட்டாங்க. அவ மறுபடி வர்ற வரைக்கும் ரெண்டு பேரும் பாத்துட்டிருந்தோம். போறப்போ, "இதைச் சுவர்ல மாட்டு பிள்ளே, கீழ போடாத"ன்னு மட்டும் சொல்லிட்டுப் போனாங்க.

பொன்னுதாஸ் அங்கிள்தான் வந்து மாட்டித் தரணும். பழக்கப்பட்ட ஆளு.

நீங்க ஒண்ணும் எழுத வேண்டாம் அத்தான். அந்த வரியை நான் இனிமே கேக்கமாட்டேன். நீங்க எழுதாமலே நான் வாசிச்சுட்டேன்.

உங்க லீலா


பிளசன்டன்
19 பிப்ரவரி 1994

லீலா,

ஆன்லின்.

எழுதிவிட்டேன். ஆன்லின், ஆன்லின், ஆன்லின். அறையில் சத்தமாகவும் சொல்லிப் பார்த்தேன். பக்கத்து அறை ஜெர்ரி கதவைத் தட்டி யாரைக் கூப்பிடுகிறாய் என்று கேட்டான். என் மகளை என்றேன்.

எனக்கு முதலில் ஷூதான் தெரிந்தது. அது என்னவென்று தெரியாமல் மேலே சுரண்டினேன். அப்புறம் கவுன். அப்புறம் கை, அந்தக் கையைப் பிடித்திருந்த இன்னொரு கை. பிளேடைக் கீழே வைத்துவிட்டு மோட்டாரை நிறுத்தினேன். நான் நிறுத்தினால் அவள் அங்கேயே நின்றாள். ஓடவிட்டால் போய்விடுவாள். ஓடவிடவும் மனமில்லை, நிறுத்தி வைத்துப் பார்க்கவும் முடியவில்லை. அந்த இரண்டு நாளும் நான் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஆஸ்பத்திரியில் நீ மயக்கத்தில் இருந்தபோது அவளை என் கையில்தான் கொடுத்தார்கள். என் விரலை அவள் பிடித்திருந்தாள். அதை உனக்குச் சொன்னதே இல்லை. உனக்குக் கிடைக்காத ஒன்று எனக்குக் கிடைத்துவிட்டது என்று எப்படிச் சொல்வது என்று தெரியாமல் இருந்துவிட்டேன்.

இப்போது சொல்லிவிட்டேன். பிடி பலமாகத்தான் இருந்தது, லீலா. உன் பிடி.

மார்ச் முதல் வாரம் வருகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. ஏர்போர்ட்டிலிருந்து நேரே அவளிடம் போகலாம். அதற்குள் பனி உருகாமல் இருந்தால் கல்லை நான் துடைக்கிறேன். இந்த வேலைக்கு என்ன பதில் சொல்வது என்று இப்போது தெரியவில்லை. வீட்டுக்கு வந்து விளக்கைப் போட்டுவிட்டு, நாம் மூன்று பேரும் எங்கே இருப்பது என்று அப்புறம் பேசிக்கொள்ளலாம்.

ஆட்டத்தில் நீதான் ஜெயித்தாய். கரடியும் இல்லை, பாஸ்டரும் இல்லை. புகை நம்முடையதுதான்.

உன்
கிருபைராஜ்